இமையில் கத்தி: எடுப்பது எவ்வளவு... விடுவது எவ்வளவு?

*உலகில் அதிகம் செய்யப்படும் அழகு அறுவை சிகிச்சை இப்போது இமைக்குத்தான். தமிழ்நாட்டு நகரங்களிலும் விசாரிப்பவர்கள் கூடிவருகிறார்கள். போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?*

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய சின்ன அறை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டர். அவர் கையில் கத்தி இல்லை. மெல்லிய முனை கொண்ட ஊதா நிறப் பேனாவும் குட்டி அளவுகோலும் மட்டும்தான். "நேராப் பாருங்கம்மா... இப்ப மெதுவா கண்ணை மூடுங்க... திறங்க." இமை மடிப்பில் ஒரு கோடு, அதற்கு மேலே வளைவாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் உள்ள தோலை இடுக்கியால் கிள்ளிப் பார்க்கிறார். இமைமுடி லேசாக மேல்நோக்கித் திரும்பியதும் கையை எடுத்துவிடுகிறார். பஞ்சால் மேல் கோட்டை அழிக்கிறார். ஒரு மில்லிமீட்டர் இறக்கி மறுபடி போடுகிறார்.

பார்க்கிற நமக்குப் பொறுமை போகிறது. வெட்டித் தைக்கவே ஒரு மணி நேரம்தான் ஆகும் என்கிறார்கள். கோடு போட இவ்வளவு நேரமா? அனுபவமுள்ள சர்ஜன்கள் அவசரப்படாத இடம் இதுதான். படுத்துவிட்டால் முகத்தின் சதை பின்பக்கம் சரிந்துவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டதும் இமை உப்பிவிடும். அதன்பிறகு எது சொந்த அளவு, எது வீக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. புருவத்தின் கீழ் விளிம்பிலிருந்து இமைமுடி வரை சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதற்கும் குறைந்தால் கண் முழுதாக மூடாது. எடுத்ததைத் திருப்பி ஒட்டவும் முடியாது.

'பிளெஃபரோபிளாஸ்டி' என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது 'எவ்வளவு ஆகும்?', அடுத்தது 'வலிக்குமா?'. 'என் கண்ணுக்கு இருக்கும் பிரச்சினைக்கு இதுதான் வைத்தியமா?' என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியவர்கள் நம் ஊரில் கணிசம்.

## முதலிடத்துக்கு வந்த கதை

சர்வதேச அழகியல் பிளாஸ்டிக் சர்ஜரி சங்கம் ஆண்டுதோறும் பல நாட்டு சர்ஜன்களிடம் கணக்குக் கேட்டு வெளியிடுகிறது. 2023-ல் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனுக்குத்தான் அதில் முதலிடம். 2024-ல் இமை அறுவை சிகிச்சை அதைத் தாண்டியது. ஒரே ஆண்டில் 21 லட்சத்துக்கும் மேல். முந்தைய ஆண்டைவிடச் சுமார் 13 சதவிகிதம் கூடுதல்.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். கொரோனா காலத்தில் தொடங்கிய வீடியோ மீட்டிங் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் காலையில் தலை வாரும்போது ஒரு தடவை கண்ணாடி பார்த்தால் சரி. இப்போது எதிராளியோடு பேசும்போதே தன் முகத்தையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முகத்தில் வயது முதலில் தெரியும் இடம் கண். "சார், நைட் தூங்கலையா?", "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று நன்றாகத் தூங்கி எழுந்தவரையே நாலு பேர் நாலு நாள் கேட்டால், ஐந்தாவது நாள் அவர் கூகுளில் தேடத்தான் செய்வார்.

மருத்துவமனையில் தங்க வேண்டாம், முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை, இரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விடலாம் என்பதெல்லாம் சேர்ந்து இதை 'சின்ன ஆபரேஷன்' ஆக்கிவிட்டன. வெட்டும் இடத்தின் பரப்பளவைப் பார்த்தால் சின்னதுதான்.

> இமைக்குள் என்ன இருக்கிறது?
>
> உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான்; ஒரு மில்லிமீட்டரில் பாதி இருந்தால் அதிகம். அதன் அடியில் கண்ணை மூடும் வட்டத் தசை. அதற்கும் அடியில் மெல்லிய திரை. திரைக்குப் பின்னால், விழிக்கு மெத்தையாகக் கொழுப்பு: மேல் இமையில் இரண்டு திட்டு, கீழ் இமையில் மூன்று. மேல் இமையின் வெளி ஓரத்தில் இருப்பது கொழுப்பல்ல, கண்ணீர்ச் சுரப்பி. தவறுதலாக அதை வெட்டினால் கண் காய்ந்துபோகும். கீழ் இமையில் இரண்டு கொழுப்புத் திட்டுகளுக்கு நடுவே விழியைத் திருப்பும் தசை ஒன்று ஓடுகிறது. அதில் காயம் பட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

## 'தூக்கக் கண்' என்றால் எந்தக் கண்?

மேல் இமை இறங்கித் தெரிகிறது என்று மூன்று பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். மூவருக்கும் ஒரே ஆபரேஷன் செய்தால் ஒருவருக்குத்தான் பலன் கிடைக்கும்.

முதலாமவருக்கு வயதாகித் தோல் தளர்ந்து, மடிப்பைத் தாண்டி இமைமுடிமேல் விழுந்து கிடக்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்குகிறார். அதனால் மாலையானால் நெற்றி வலி. தோலை எடுக்கும் இந்தச் சிகிச்சை இவருக்கானது.

இரண்டாமவருக்குத் தோல் சரியாகவே இருக்கிறது. இமையைத் தூக்கும் தசைதான் தளர்ந்திருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகோ, ஆண்டுக்கணக்கில் கான்டாக்ட் லென்ஸ் போட்டவருக்கோ இப்படி ஆவதுண்டு. இமையின் விளிம்பே கருவிழி மீது இறங்கி நிற்கும். இவருக்குத் தோலை வெட்டிப் பயனில்லை. தசையை இறுக்கிக் கட்ட வேண்டும். அது வேறு ஆபரேஷன்.

மூன்றாமவருக்கு இறங்கியிருப்பது புருவம். கண்ணாடி முன் நின்று புருவத்தை விரலால் பழைய இடத்துக்குத் தூக்கிப் பார்த்தால் இமை தானாகச் சரியாகிவிடும். இவருடைய இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபட்டு, முகம் எப்போதும் கோபமாக இருப்பதுபோல் ஆகிவிடும்.

நாலாவதாக ஒருவரும் உண்டு. காலையில் இமை நன்றாக இருக்கும், சாயங்காலம் தொங்கிவிடும். இது 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற நரம்பு-தசை நோயாக இருக்கலாம். இவருக்கு முதலில் வேண்டியது நரம்பியல் மருத்துவர். திடீரென்று ஒரு பக்க இமை மட்டும் இறங்கி, கூடவே இரட்டைப் பார்வையும் கடுமையான தலைவலியும் வந்தால் அழகு சிகிச்சை பற்றிய யோசனையே வேண்டாம். மூளை ரத்தக்குழாய் வீக்கத்தின் அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்பதால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

## கருவளையமும் கண் பையும் ஒன்றல்ல

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது கீழ் இமை விஷயத்தில்தான். 'கண்ணுக்குக் கீழே கறுப்பா இருக்கு, எடுத்துடுங்க' என்று வருகிறார்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் தோலின் நிறமி. நம்மைப் போன்ற மாநிறத் தோல்காரர்களுக்கு அது பரம்பரையாகவே வருவதுண்டு. அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும். இமை ஆபரேஷன் நிறமியை எடுக்காது. எடுக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

கீழ் இமையில் கத்தியால் சரிசெய்யக்கூடியது பை. விழிக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு, அதைத் தாங்கும் திரை தளர்ந்ததால் முன்னே பிதுங்குவதுதான் அது. பை விழுந்து அதன் நிழலால் கறுப்பாகத் தெரிந்தால், பை போனதும் நிழலும் போகும். கழுத்தை நிமிர்த்தி வெளிச்சத்தைப் பார்த்தபடி கண்ணாடியில் பாருங்கள். கறுப்பு மறைந்தால் நிழல். அப்படியே இருந்தால் நிறமி. இது முதல் கட்டச் சோதனைதான், முடிவு டாக்டருடையது.

காலையில் உப்பி மத்தியானம் வடிந்துவிடும் வீக்கம் கொழுப்பல்ல, நீர். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி என்று அதற்குப் பல மூலங்கள். தைராய்டால் கண் பிதுங்கி நிற்பவர்களுக்கு நோய் அடங்கி, பல மாதம் மாறாமல் இருந்த பிறகே இமையைத் தொடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியது ஆபரேஷனுக்குப் பிறகு தெரிவதைவிடக் கொடுமை வேறில்லை.

கீழ் இமைக்கு இன்னொரு சோதனை உண்டு. இமையை விரலால் கீழே இழுத்து விட்டால், சட்டென்று கண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாகத் திரும்பினால் இமை தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவருக்குத் தோலை மட்டும் எடுத்தால் இமை வெளிப்பக்கம் பிதுங்கித் தொங்கும். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். இவருக்கு வெளி ஓரத்தில் இமையை எலும்பு உறையோடு சேர்த்து இறுக்கும் வேலையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே கண்ணீரின் அளவைப் பார்க்க, இமை ஓரத்தில் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைப்பார்கள். பார்வை, பார்வைப் புலம், இமையின் உயரம் எல்லாம் அளந்து, புகைப்படமும் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பத்தே நிமிடத்தில் தேதி குறித்துக் கொடுக்கும் இடம் மருத்துவமனையாக இருந்தாலும் வியாபாரம்தான். லேசிக் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண் காய்ந்திருக்கும் என்பதால் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

## அந்த ஒரு மணி நேரம்

ஆபரேஷன் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த ஊசி இமையில் இறங்கும்போது ஒரு நிமிடம் சுள்ளென்று எரியும். அதன்பிறகு வலி தெரியாது. இழுப்பதும் தொடுவதும் தெரியும், பேச்சுக் குரல் கேட்கும். பயப்படுகிறவர்களுக்கு அரைத்தூக்க மருந்து கொடுப்பார்கள்.

மேல் இமையில் மடிப்பின் மீதே கீறுவதால் தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆண்களின் மடிப்பு பெண்களுடையதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். இதைக் கவனிக்காத சர்ஜனிடம் போனால் ஆண் முகத்தில் மை தீட்டிய சாயல் வந்துவிடும். கீழ் இமைக்கு இரண்டு வழி. தோலும் தொங்கினால் இமைமுடிக்குச் சற்றுக் கீழே கீறுவார்கள். கொழுப்பு மட்டும் பிரச்சினையென்றால் இமையின் உட்புறச் சவ்வு வழியாகப் போவார்கள். வெளியே தழும்பே இருக்காது.

ஒரு காலத்தில் கொழுப்பு எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவையும் எடுத்தார்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கண்கள் குழி விழுந்து, நோயாளிக் களை வந்துவிட்டது. இப்போது நல்ல சர்ஜன்கள் கொழுப்பைக் கூடியவரை விட்டுவைக்கிறார்கள். பிதுங்கியதைக் கன்னத்துப் பள்ளத்தின்மேல் நகர்த்திப் பரப்பும் முறையும் வந்திருக்கிறது.

## முதல் ராத்திரி, முதல் வாரம், முதல் மாதம்

யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயமுறுத்துவது இந்தக் கட்டம்தான். வீட்டுக்கு வந்த அன்று இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து வைத்து எடுத்து. களிம்பு போடுவதால் பார்வை மங்கலாகத்தான் இருக்கும். பாராசிட்டமால் கேட்கும் அளவு வலிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கீழே பெட்டியில் இருப்பதைப் படியுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணைச் சுற்றி ஊதா, பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக் கன்னம் வரை இறங்கும். கல்யாண வீட்டுக்குப் பத்து நாள் முன்பு செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள். ரத்தக் கட்டு கரைய இரண்டு வாரம். ஒரு கண் சீக்கிரம் வடியும், மற்றது தாமதிக்கும். அந்தச் சில நாட்களில் இரண்டு கண்ணும் வேறு வேறு ஆளுடையதுபோல் இருப்பதைப் பார்த்து அழாதவர் குறைவு. உண்மையான முடிவைப் பார்க்க மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். தழும்பு கொஞ்ச காலம் சிவந்தோ, நம் தோலுக்குக் கறுத்தோ இருந்துவிட்டு மங்கும். இமையில் கீலாய்டு எனும் தடித்த தழும்பு வருவது மிக அபூர்வம். புதுக் கண்ணாடி பவர் பார்க்க அவசரப்பட வேண்டாம்; இமையின் அழுத்தம் மாறுவதால் பவரும் லேசாக மாறி நிலைக்கக் காலம் எடுக்கும்.

முதல் இரண்டு வாரம் குனிந்து செய்யும் வேலை கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஜிம், ஏன், சாமி கும்பிடத் தரையில் விழுவதுகூட வேண்டாம். மை, கான்டாக்ட் லென்ஸ் இரண்டுக்கும் டாக்டர் சொல்லும்வரை விடுப்பு. பாட்டி சொன்னார் என்று விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ கண்ணில் விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தையல் போட்ட கண்ணில் அதைச் செய்வது கிருமிக்கு விருந்து வைப்பது.

மாத்திரை விஷயத்தில் இரட்டை எச்சரிக்கை. ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவை ரத்தக் கசிவைக் கூட்டும். அதனால் ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரோ பக்கவாதம் வந்தவரோ தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரின் சம்மதம் இல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அவர் கூடாது என்றால் இமை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

> விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை
>
> ஒரு கண்ணில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, விழி முன்னே தள்ளுவது, இமை கல்லாக இறுகுவது, பார்வை மங்குவது அல்லது இருள்வது. இவை விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதன் அறிகுறிகள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கும். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இப்படி ரத்தம் கட்டுகிறது. சுமார் 22,000 பேரில் ஒருவருக்குப் பார்வை நிரந்தரமாகப் போகிறது. அபூர்வம்தான். ஆனால், பார்வை நரம்பு நசுங்கினால் அதைக் காப்பாற்ற இருப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. தையலைப் பிரித்து, இமை ஓரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யக்கூடியவரின் போன் நம்பர் கையில் இல்லாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

## தவறினால்...

அதிகம் வரும் தொல்லை கண் காய்வது. மணல் போட்டதுபோல் உறுத்தும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போதும். ஏற்கெனவே கண் காய்ந்து, ஏசி அறையில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்ப்பவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

தோலை அதிகமாக எடுத்துவிட்டால் தூங்கும்போது கண் ஒரு கீற்று திறந்தே இருக்கும். விடிய விடியக் கருவிழி காய்ந்து புண்ணாகும். லேசானது என்றால் தடவிக்கொடுத்து, களிம்பு போட்டுப் பொறுத்தால் தளரும். அதிகமென்றால் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் ஒட்ட வேண்டியிருக்கும். அழகுக்காகத் தோலை வெட்டி எறிந்துவிட்டு, அதே இடத்துக்கு வேறு தோல் தேடும் நிலை. கொஞ்சமாக எடுத்து, போதாவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. 'இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர்' என்று கெஞ்சும் நோயாளிக்கு மறுப்புச் சொல்லத் தெரிந்தவரே நல்ல டாக்டர்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் சிகரெட் பிடிப்பவருக்கும் புண் ஆறுவது தாமதமாகும். யாருக்குமே இந்தச் சிகிச்சையால் கண்ணோரச் சுருக்கங்கள் போகாது. எல்லாம் சரியாக நடந்தும் திருப்தி வராதவர்களும் உண்டு. அடுத்தவர் கண்ணுக்கே தெரியாத குறையைக் கண்ணாடியில் நாள் முழுக்கப் பார்த்து மறுகும் மனநிலை அது. கத்தியால் அது தீராது. அனுபவமுள்ள சர்ஜன்கள் இவர்களை அடையாளம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

## சியோலில் வேறு கதை

கொரியன் சீரியல்களில் ஊறிய நம் இளைஞர்களுக்கு இமை ஆபரேஷன் என்றதும் நினைவுக்கு வருவது தென் கொரியா. சியோலின் கங்னம் பகுதியில் தெருவுக்குத் தெரு அழகு சிகிச்சை கிளினிக்குகள். நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் தரும் பரிசுகளில் இதுவும் ஒன்று. ஆனால், அங்கே செய்வது வேறு. கிழக்காசிய மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மேல் இமையில் மடிப்பு இருக்காது. அதைப் புதிதாக உண்டாக்குகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு. வயதானால் அதன்மேல் தோல் விழுகிறது. கொரிய நடிகையின் படத்தைக் காட்டி 'இந்த மாதிரி வேணும்' என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அங்கும் இது நேற்று முளைத்ததல்ல. மடிப்பு உண்டாக்கும் முறையை முதலில் எழுதி வைத்தவர் மிகாமோ என்ற ஜப்பானிய மருத்துவர், 1896-ல். ஒரு கண்ணில் மடிப்பு இருந்து மறு கண்ணில் இல்லாத பெண்ணுக்காகச் செய்தது அது. கொரியாவில் பரவியது, போர் முடிந்து 1954-ல் அமெரிக்கப் படையோடு போன பிளாஸ்டிக் சர்ஜன் ரால்ஃப் மில்லார்ட் காலத்தில். பிளவு உதட்டைச் சரிசெய்ய அவர் வகுத்த முறையை இன்றும் உலகமெங்கும் சர்ஜன்கள் கைக்கொள்கிறார்கள். ஆசியக் கண்ணை 'மேற்கத்திய' கண்ணாக மாற்றியது பற்றி அவர் எழுதியவற்றை இன்று படித்தால் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. தொங்கும் இமைத் தோலை வெட்டுவது அதைவிட மிகப் பழசு. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் தன் மருத்துவ நூலில் அதை எழுதியிருக்கிறார்.

## யாரிடம் போவது, யார் பணம் தருவார்?

எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவர் அல்லது கண் மருத்துவம் முடித்து 'ஆக்குலோபிளாஸ்டி' எனும் இமைப் பிரிவில் தனிப் பயிற்சி பெற்றவர். இந்த இரண்டு வகையினரைத் தவிர வேறு யாரிடமும் இமையைக் கொடுக்க வேண்டாம். 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவரே உயிரிழந்தார் என்பதை நாம் மறந்துவிட்டோம். யூடியூப் பார்த்தும், பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்தும் அழகு அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

பியூட்டி பார்லரில் 'ஆபரேஷன் இல்லாமலே' என்று கண்ணுக்குக் கீழே ஃபில்லர் ஊசி போடுவது இன்னும் அபாயம். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்த நிமிடமே பார்வை போனவர்கள் உலகில் உண்டு.

செலவு ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சொல்லும் தொகையில் மயக்க மருத்துவர், தியேட்டர், மருந்து, பிறகு வரும் சந்திப்புகள், திருத்தம் தேவைப்பட்டால் அதற்கான கட்டணம் இவையெல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது; பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சரிசெய்தால் விலக்கு உண்டு.

மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சை எல்லா பாலிசிக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பதற்கும், மருத்துவ அவசியம் என்று டாக்டர் சான்றளிப்பதற்கும் மட்டும் வழி இருக்கிறது. இமை பார்வையை மறைக்கிறது என்றால் பார்வைப் புலப் பரிசோதனை அறிக்கையும் நேர்ப்பார்வைப் புகைப்படமும் கையில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு அலைவதில் பயனில்லை.

## தள்ளிப்போடக் கூடாத இமை ஒன்று

இதுவரை சொன்ன எதற்கும் அவசரமில்லை. பெரியவர்களின் இமையை அடுத்த ஆண்டும் செய்யலாம், செய்யாமலும் விடலாம். குழந்தைகள் விஷயம் அப்படியல்ல.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு இமை இறங்கியிருக்கும். 'அவங்க தாத்தா மாதிரி அரைக்கண்', 'வளர்ந்தா சரியாகிடும்' என்று வீட்டில் கொஞ்சிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இமை கருவிழியின் நடுவை மறைத்தால், அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்வதே இல்லை. 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். சின்ன வயதில் சரிசெய்யாவிட்டால் பிறகு இமையைத் தூக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்புவது கடினம். கண்ணை மறைக்கும் அளவு இறங்கியிருந்தால் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஆபரேஷன் தேவைப்படலாம். லேசாக இருந்தால் கண்காணித்துக்கொண்டே மூன்று முதல் ஐந்து வயதுக்குள் செய்வார்கள். குழந்தை எதைப் பார்த்தாலும் முகவாயைத் தூக்கிப் பார்க்கிறதா, புருவத்தை உயர்த்தியே வைத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

1819-ல் தொடங்கி இன்றும் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகளின் கண் பிரிவுகள் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால், இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.